உப்பு அரசியின் வளைவு

அக்டோபர் 14, செவ்வாய்

உப்பு அரசி வந்துவிட்டாள்.

மருந்து கம்பெனி ரெப் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் வேறு என்றைக்கு எழுதுவது?

சிங்கப்பூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்த ஆறு வருடத்தில்தான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது. 'அஷ்மேர்' என்று ஒரு சீட்டு விளையாட்டு. அரசர்கள், பூதங்கள், மந்திரங்கள் எல்லாம் அட்டைகளாக வரும், அவற்றை வைத்து எதிராளியோடு சண்டை போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடையின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து விளையாடுவோம். தூத்துக்குடிக்குத் திரும்பி வந்து சொந்தமாக மருந்துக்கடை போட்ட பிறகு விளையாட ஆளில்லை. சேர்ப்பது மட்டும் நிற்கவில்லை.

முதல் பதிப்பில் ஒன்பது அரசிகள். சாதாரண அட்டை யாரிடமும் இருக்கும். ஃபாயில் அட்டைதான் விஷயம். படத்தின்மேல் மெல்லிய தகடு ஒட்டியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் நிறம் தண்ணீர் மாதிரி ஓடும். எட்டு அரசிகள் என்னிடம் இருந்தார்கள். ஒன்பதாவது, இந்த உப்பு அரசி, உலகத்திலேயே கொஞ்சம்தான்.

மொகுதூம் ஹாங்காங்கில் பிடித்திருக்கிறான். அவன் காயல்பட்டினத்துக்காரன், கல் வியாபாரக் குடும்பம். மாணிக்கம், நீலம் என்று வெளிநாடு போய்வருகிறவன். இந்தப் பக்கத்தில் இந்தப் பைத்தியம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். அதற்கு ஈடாக என்னிடமிருந்த மூன்று டிராகன் ஃபாயில்களைக் கேட்டான். யோசிக்காமல் கொடுத்தேன்.

மதியம் கடைக்கே கொண்டுவந்து கண்ணாடி கவுண்டரில் வைத்தான். வெள்ளை வெளேரென்ற உப்பளத்தில் நீலப் போர்வையோடு நிற்கிறாள். நான் எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன்.

"என்ன இன்னாசி, இத்தனை வருஷமா தேடுன. ஒரு சிரிப்புகூட இல்லியே?"

"இந்த ட்யூப்லைட் சரியில்ல. வீட்டுல வச்சுப் பாக்கேன்" என்றேன்.

இடது ஓரத்துக் கோடு நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. ஃபாயில் அட்டை ஈரக்காற்றில் வளைவது சகஜம். நம் ஊர்க் கடல்காற்றைக் கேட்கவே வேண்டாம். சரியாகிவிடும்.

அக்டோபர் 15, புதன்

மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து ஒரு டிபன் டப்பாவில் போட்டு, அரசியை நடுவில் வைத்து மூடியிருக்கிறேன்.

கடை ட்யூப்லைட்டை மாற்ற வேண்டும் என்றேன். போன மாதம்தான் மாற்றியது என்கிறாள் ஜெசிந்தா. மட்டமான சரக்கைத் தலையில் கட்டியிருப்பான்.

அக்டோபர் 17, வெள்ளி

வளைவு அப்படியே இருக்கிறது.

ஈரத்தில் வளைந்தால் அட்டை மொத்தமும் படகு மாதிரி வளையும். இது அப்படி இல்லை. ஓரத்துக் கோடு மட்டும் நடுவில் உள்ளே குழிகிறது. முகமும் கலங்கிக் கிடக்கிறது, உப்புக் கறை பட்ட மாதிரி. சரிபார்க்க மற்ற எட்டையும் எடுத்துப் பார்த்தேன். நெருப்பு அரசியின் ஓரத்திலும் அதே குழிவு. காட்டு அரசியிலும். ஆக, அலமாரியில்தான் ஈரம் இறங்குகிறது. சுவரைப் பார்க்க ஆள் வரச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 18, சனி

பைக்கை எடுக்கவில்லை. மழை வரும் போலிருந்தது. வரவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. கடையில் கூட்டம். தீக்காய மருந்தும் ஜீரண மருந்தும் வாங்க இந்த ஊரே திரண்டு வந்த மாதிரி.

ஜெசிந்தா இப்போதெல்லாம் சாயங்காலம் கடையில் வந்து நிற்கிறாள். நான் எடுத்து வைக்கும் மாத்திரை அட்டை ஒவ்வொன்றையும் வாங்கி, பெயரை வாய்விட்டு வாசித்து, பிறகுதான் கவரில் போடுகிறாள். பழகிக்கொள்கிறாளாம். இருபது வருடமாக இல்லாத ஆர்வம். நல்லதுதான், பழகட்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

மொகுதூமோடு சண்டை.

நான்தான் கூப்பிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். ஜெசிந்தா டீ போட்டுக் கொடுத்தாள். டப்பாவைத் திறந்து அரசியை அவன் முன்னால் வைத்தேன்.

"இந்த ஓரத்தைப் பாரு."

பார்த்தான். உறையிலிருந்து எடுத்து, பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தான். கல் பார்க்கிற கண்ணாடி, எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

"ஓரத்துக்கு என்ன?"

"வளைஞ்சிருக்கு."

"எங்க வளைஞ்சிருக்கு?" மேசைக் கண்ணாடியின் மேல் அட்டையைப் படுக்க வைத்து ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தான். "நகம்கூட உள்ள போகல. தரையோட தரையா படுத்திருக்கு."

"நடுவுல பாரு. கோடு உள்ள போகுது."

"கோடு நேராத்தான் இருக்கு இன்னாசி."

எனக்கு ஆத்திரம் வந்தது. நல்லதை அவன் வைத்துக்கொண்டு அடிபட்டதை என் தலையில் கட்டிவிட்டான் என்று சொன்னேன். அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் அவன் விடவில்லை, அட்டையை ஜெசிந்தாவிடம் நீட்டி, "நீங்க பாத்துச் சொல்லுங்க மதினி" என்றான். அவள் வாங்கவில்லை. அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"குருடன் மாதிரி பேசாதல" என்றேன் அவனிடம். "கல்லு பாக்குதவன்னு வெளிய சொல்லிராத."

மொகுதூம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டும்போது ஜெசிந்தா அவனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "மன்னிச்சிருங்கன்னேன்" என்றாள். எதற்கு இவள் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அக்டோபர் 24, வெள்ளி

காயல்பட்டினத்திலிருந்து கூரியர். என் மூன்று டிராகன்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறான். உப்பு அரசியைத் திருப்பிக் கேட்கவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

குற்றம் அவன்மேல் இருப்பதால்தானே அனுப்பியிருக்கிறான்.

அக்டோபர் 27, திங்கள்

வளைவை நானே நிமிர்த்திவிடலாம் என்று பார்த்தேன். இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் அட்டையை வைத்து, இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்துத் தேய்ப்பது. சிங்கப்பூரில் ஒருவன் செய்து பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் சூட்டைக் காட்டும் எண்கள் மிகச் சின்னதாகப் போட்டிருக்கிறான். யாருக்கும் தெரியாது.

தாளை எடுத்தபோது தகடு பொங்கி, அரசியின் முகத்தில் அம்மைக் கொப்புளம் மாதிரி குமிழ் குமிழாக நின்றது. தொட்டேன், நீலப் போர்வை விரலோடு உரிந்து வந்தது.

அச்சிலேயே கோளாறு இருந்திருக்க வேண்டும். நல்ல அட்டைக்கு இந்தச் சூட்டில் ஒன்றும் ஆகாது.

அக்டோபர் 28, செவ்வாய்

இனி அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு அப்பா கல்லறைக்குப் போனோம். இந்த வருடம் நல்ல கூட்டம். நான் முன்னால் நடந்து போய் ஒரு கல்லறை முன் மண்டியிட்டு, மெழுகுவத்தியைப் பொருத்தி ஜெபத்தைத் தொடங்கினேன். ஜெசிந்தா தோளைத் தொட்டாள்.

"இது வேற யாரோங்க. அப்பா அடுத்த வரிசை."

மெழுகுப் புகை படிந்து கல்லில் எழுத்தே தெரியவில்லை. கமிட்டியில் சொல்லிச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. முதலில் கால்விரல், பிறகு பாதம், பிறகு கிட்னி. என்னைக் கேட்டால், இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்த அன்றைக்குத்தான் அவர் பாதி செத்தார். அதுவரை மார்க்கெட்டில் மீன் பேரம் பேசிக்கொண்டு திரிந்த மனுஷன். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார், அதோடு வீடு ஆஸ்பத்திரி, வீடு ஆஸ்பத்திரி. கடைசியில் வீடுமில்லை.

திரும்பி நடக்கும்போது ஜெசிந்தா கேட்டாள்: "நீங்க கடைசியா எப்ப சுகர் பாத்தீங்க?"

"பாத்தேனே."

"எப்ப?"

"ஊருக்கே பாத்துச் சொல்லுத ஆளுகிட்ட கேக்கா பாரு" என்றேன். அவள் வழி நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கல்லறைத் தோட்டத்தில் தரை மேடுபள்ளம்.

நவம்பர் 6, வியாழன்

மழை. ஜெசிந்தா மணப்பாட்டுக்குத் தங்கச்சி வீடு வரை போயிருக்கிறாள், நாளைதான் வருவாள். கடையில் நான் மட்டும்தான். மழைக்கு வந்த காய்ச்சல் கூட்டம். தவசிக்கனி அண்ணாச்சி வந்தார், மாதாந்திர சர்க்கரை மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தேன். என் கடையின் முதல் வாடிக்கையாளர் அவர். ரிடையர் ஆன துறைமுகத் தொழிலாளி. மருந்துச் சீட்டைக்கூட நீட்ட மாட்டார், "வழக்கமானது" என்பார்.

நவம்பர் 8, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கிக் கொஞ்ச நேரத்தில் தவசிக்கனி அண்ணாச்சியின் மருமகள் செல்வக்கனி வந்தாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது. கவுண்டரில் ஒரு மாத்திரை அட்டையை வைத்தாள்.

"அண்ணே, இது மாமாவுக்கு நீங்க குடுத்ததுதானா?"

நேற்று மத்தியானம் அண்ணாச்சி சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே சாய்ந்துவிட்டாராம். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் பிள்ளை வந்து சர்க்கரை அளவைப் பார்த்தால் அடியோடு இறங்கிக் கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிய பிறகு சாயங்காலம்தான் ஆளை அடையாளம் தெரிந்திருக்கிறது.

"அங்க டாக்டரம்மா இந்த அட்டையப் பாத்துட்டு, இவருக்கு யார் இதக் குடுத்தான்னு கேட்டாங்க."

கையில் எடுத்துப் பார்த்தேன். "இது ஒண்ணுதானே. அண்ணாச்சிக்கு எப்பவும் ஒரு மில்லிகிராம்தான்."

"நாலுண்ணே."

"ஒண்ணு போட்டிருக்கு."

"நாலு போட்டிருக்கு."

இன்று காலையிலேயே என்னோடு வந்திருந்த ஜெசிந்தா உள்ளேயிருந்து வந்தாள். நான் அட்டையை அவளிடம் நீட்டினேன். அவள் வாசிக்க வேண்டும், வாசித்து இந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஜெசிந்தா அதைப் பார்த்தாள். பெயரை வாசித்தாள். அப்புறம் "நாலு" என்றாள்.

"ரெண்டு டப்பாவும் ஒரே நிறம்" என்றேன். "கம்பெனிக்காரன் அப்படி அச்சடிச்சா..."

செல்வக்கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. "உங்க கடைன்னா கண்ண மூடிட்டு வாங்குவாரு மாமா" என்று சொல்லிவிட்டு, அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஷட்டரை இறக்கினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஜெசிந்தாவும் போகவில்லை.

ஹாலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வாசல் நிலை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். நிலைக்கட்டை நடுவில் உள்ளே வளைந்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பார்த்தேன், அதுவும் வளைந்திருந்தது. ஜெசிந்தா வந்து எதிரே நின்றாள். சேலை தெரிந்தது, கை தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கலரில் ஒரு புகை.

கையை எடுத்தேன். பொத்திய கண்ணால் தனியாகப் பார்த்தேன். அதில் முகம் இருந்தது, ஆனால் அதிலும் தெளிவில்லை.

"எம்புட்டு நாளா தெரியும் உனக்கு?" என்றேன்.

"ஆகஸ்டுலயிருந்து. சாம்பார்ல கரப்பான் கிடந்துச்சு, எடுத்துப் போடாம சாப்புட்டீங்க. அப்புறம் கடையில ஒரு நாள் காதுச் சொட்டு கேட்டவருக்குக் கண்ணுச் சொட்டு எடுத்து வச்சீங்க. அன்னைக்கிலிருந்துதான் சாயங்காலம் வந்து நிக்கேன். காலையில கூட்டம் இருக்காது, சமாளிச்சிருவீங்கன்னு நினைச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ட்யூப்லைட்ட மாத்துவீங்க."

சிரிப்பு வந்தது, ஆனால் வாய் வரை வரவில்லை. அவள் கீழே உட்கார்ந்தாள். மணப்பாட்டுக்குப் போயிருக்கக் கூடாது, நான் போயிருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். தப்பு செய்தது நான், அழுவது அவள்.

மீட்டரை எடுத்துவந்து என் விரலைக் குத்தினாள். வந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

தவசிக்கனி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாலே நாளில் ஆள் சுருங்கிப்போயிருந்தார்.

போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல அண்ணாச்சி. தெரியாமலே கடையில உக்காந்திருந்தேன். கம்பெனி மேல குத்தமில்ல. என் தப்பு."

 செல்வக்கனி கதவோரம் நின்றாள்.

"என் மவன் போன்ல சத்தம் போடுதான். எழுதிக் குடுத்து உன் லைசென்ச எடுக்கணும்ங்கான்" என்றார். "நான் வேண்டாம்னு சொல்லல, கேட்டுக்கோ."

"எழுதட்டும் அண்ணாச்சி."

"உன்மேல எனக்குக் கோவம் இருக்கு தம்பி. இல்லன்னு சொன்னா பொய். பேரப்பிள்ள முன்னால விழுந்து கிடந்திருக்கேன். அது இன்னும் பக்கத்துல வர மாட்டேங்கு." பிறகு கேட்டார்: "கண்ணக் காட்டுனியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இங்க என்ன பண்ணிட்டிருக்க?"

நவம்பர் 11, செவ்வாய்

மொகுதூமுக்கு போன் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்தான்.

"கோடு நேராத்தான் இருந்துச்சு மொகுதூம். என் கண்ணுதான் வளைஞ்சிருக்கு" என்றேன்.



"மதினி அன்னைக்கே வாசல்ல வச்சு சொன்னாங்க" என்றான். "அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு, மனசுல வச்சுக்காதீங்கன்னு."

"பிறகு ஏன் போன எடுக்கல?"

"கண்ணு போனா நான் களவாணியாயிருவனா? தெரிஞ்சும் வலிச்சுது, அதான்."

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அட்டையை இஸ்திரி போட்டதைச் சொன்னேன். நீலப் போர்வை உரிந்ததைச் சொன்னேன். அவன் மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. அது எனக்கு மட்டுமே போன அட்டை இல்லை. அவனும் பத்து ஊர் அலைந்து தேடியது. எனக்குக் கொடுக்காமல் அவனே வைத்திருந்திருக்கலாம்.

"முழுசா போச்சா?"

"முழுசா."

"பைத்தியக்காரப் பயலே" என்றான்.  கொஞ்சம் கழித்து, "வியாழக்கிழமை காலையில வண்டியோட வாரேன். திருநெல்வேலி கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம். சாப்புடாம கொள்ளாம நிக்காத, சுகர்காரன்" என்றான்.

என்னை யாரும் இதற்குமுன் அப்படிச் சொன்னதில்லை.

நவம்பர் 13, வியாழன்

போய்வந்தோம். சர்க்கரையின் சேதம் இரண்டு கண்ணிலும் இருக்கிறது. இடதில் நடுவில் நீர் கோத்து வீக்கம். சில காலமாகவே இருந்திருக்கும் என்றார் டாக்டர், சின்ன வயதுப் பெண். கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமாம், மாதா மாதம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மருந்துக்கடை என்றேன். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நவம்பர் 15, சனி

கடையைப் பார்த்துக்கொள்ள, தெரிந்த ஒரு பார்மசிஸ்ட் பெண்ணைப் பேசியிருக்கிறோம். முதல் தேதியிலிருந்து வருவாள். அதுவரை கடை பூட்டு.

நவம்பர் 20, வியாழன்

இதை எழுதுவது ஜெசிந்தா. இவருக்கு இன்று இடது கண்ணில் முதல் ஊசி போட்டார்கள். பரிசோதனைக்கு இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டதால் எழுத்து எதுவும் தெரியவில்லை. எழுதாமல் விடக் கூடாது, நான் சொல்லச் சொல்ல நீ எழுது என்கிறார். நானும் பேனாவை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

'ஊசி வலிக்கவில்லை' என்று எழுதச் சொன்னார். வலித்தது. வெளியே கொண்டுவந்ததும் என் கையை நெரித்த நெரிப்பில் இன்னும் விரல் மடங்கவில்லை.

'டாக்டர் நம்பிக்கையாகப் பேசினார்' என்று எழுதச் சொன்னார். டாக்டர் பேசும்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். போன பார்வையில் கொஞ்சம் திரும்பலாம், எல்லாம் திரும்பாது என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் வலது கண்ணும் இதே வழியில் போகும் என்றார். இன்சுலின் ஆரம்பிக்க வேண்டும் என்றார். அப்போது இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையெல்லாம் எழுதாத" என்றார்.

"எழுதியாச்சு" என்றேன்.

கோபித்துக்கொண்டு திரும்பிப் படுத்தார். கறுப்புக் கண்ணாடி போட்டபடி படுக்கக் கூடாது, கழற்றி வைத்தேன். மொகுதூம் அண்ணன் எங்களை இறக்கிவிட்டு, கஞ்சி வாங்கி வைத்துவிட்டு இப்போதுதான் போனார். தவசிக்கனி அண்ணாச்சியின் மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் செல்வக்கனி போன் செய்தாள். இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். இதையும் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

தூங்கிவிட்டார் என்று நினைத்து டைரியை மூடப் போனேன்.

"ஜெசி."

"என்னங்க?"

"இன்னும் ஒண்ணு எழுது."

"சொல்லுங்க."

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போய்ப் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பயமா இருக்குன்னு எழுது" என்றார்.

"யாருக்குன்னு போடட்டும்?"

"எனக்கு."

எழுதினேன். 'எனக்கும்' என்று பக்கத்திலேயே சேர்த்து எழுதியிருக்கிறேன். கண் தெளிந்ததும் அவரே வாசித்துக்கொள்ளட்டும்.